ஆயிரம் கண்களின் கழித்தல் கணக்கு

வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பெயிண்ட் கடையில் வண்ண அட்டையைப் புரட்டியிருக்கிறீர்களா? அதில் சாம்பல் நிறத்தின் ஐந்தாறு சாயல்கள், வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை, இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து அச்சிடப்பட்ட பக்கம் ஏதாவது இருந்தால் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே மை, ஒரே அடர்த்தி. பார்வைக்கு மட்டும் அப்படித் தெரியாது. வெளிறிய பட்டையை ஒட்டிய ஓரம் கொஞ்சம் கறுத்திருக்கும். அடர்ந்த பட்டையை ஒட்டிய ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கும். பட்டைகள் தட்டையாக இல்லாமல் லேசாகக் குழிந்திருக்கின்றனவோ என்றுகூடத் தோன்றும்.

அச்சுக் கோளாறு என்று நினைத்தால், ஒரு தாளில் பட்டையின் அளவுக்குச் சன்னல் வெட்டி அட்டையின் மேல் வையுங்கள். பக்கத்துப் பட்டைகள் மறைந்த உடனே அந்தக் கறுப்பும் வெளுப்பும் காணாமல் போய்விடும்; ஒரே சீரான சாம்பல்தான் மிஞ்சும். தாளை எடுத்தால் திரும்ப வந்துவிடும். அப்படியானால் அந்தக் கறுப்பு அட்டையில் இல்லை. பார்க்கிற நமக்குள் எங்கேயோ இருக்கிறது. எங்கே?

பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவை நிர்வகித்த வேதியியலாளர் செவ்ரல், நிறங்கள் அக்கம்பக்கத்தில் இருக்கும்போது ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதைப் பற்றி 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். 1865இல் எர்ன்ஸ்ட் மாக், அப்போது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்தவர், இன்னும் ஒரு படி மேலே போனார். மங்கலான நிழலின் ஓரங்களில் இல்லாத கறுப்புக் கோடும் வெள்ளைக் கோடும் தெரிவதை அளந்து பார்த்து, விழித்திரையில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று ஊகித்தார். நரம்பின் ஓர் இழையில் என்ன ஓடுகிறது என்று பார்க்க அன்று எந்தக் கருவியும் கிடையாது. ஊகம் தொண்ணூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. கடைசியில் அதற்குச் சான்று கொடுத்தது மனிதக் கண் கூட இல்லை. அட்லாண்டிக் கரையில், மணலில் ஊர்ந்து திரியும் ஒரு பழைய பிராணியின் கண்.

நண்டு என்று பெயர் மட்டும்

குதிரை லாட நண்டு என்று அதைச் சொல்கிறோம். ஓடு லாடத்தைப் போல வளைந்திருப்பதால் வந்த பெயர். உறவுமுறை பார்த்தால் நண்டை விட சிலந்திக்கும் தேளுக்கும்தான் அது நெருக்கம். உலகில் நான்கு இனங்கள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு இனங்கள் நம் நாட்டில் ஒடிசா, மேற்கு வங்கக் கடற்கரைகளில் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தின் நாயகன் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் லிமுலஸ் இனம். இந்தக் குடும்பத்தின் பாறைப்படிவங்கள் கனடாவில் 44 கோடியே 50 லட்சம் ஆண்டுப் பழைய அடுக்குகளில் கிடைத்திருக்கின்றன. டைனோசர்கள் தோன்றுவதற்கு இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவை இருந்தன.

இதன் நீல நிற இரத்தத்தைப் பற்றி நிறையப் பேர் படித்திருப்பார்கள். ஊசி மருந்துகளில் பாக்டீரிய நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அது பயன்படுகிறது. அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் இதன் கண் அறிவியலுக்குக் கொடுத்தது அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது என் எண்ணம்.

இதற்கு ஒளியை உணரும் உறுப்புகள் பல. முதுகோட்டின் முன்பக்கம் நடுவில் இரண்டு சிறு கண்கள். அவை புறஊதா ஒளியையும் உணரும். வயிற்றுப் பக்கம் வாய்க்கு அருகே இரண்டு. வாலில்கூட ஒளியுணர்வு உண்டு. நமக்கு வேண்டியவை ஓட்டின் இரு பக்கமும் அவரை விதை அளவில் மேடாகத் தெரியும் பெரிய பக்கக் கண்கள். இவை கூட்டுக்கண்கள். வளர்ந்த பிராணியின் ஒரு கண்ணில் ஏறக்குறைய ஆயிரம் சிறு கண்கள் அடுக்கியிருக்கும். அந்தச் சிறு கண் ஒவ்வொன்றையும் இங்கே கண்ணலகு என்று அழைப்போம். ஈயின் கண்ணிலும் இதே அமைப்புதான். ஆனால் ஈயின் கண்ணலகைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். லாட நண்டின் கண்ணலகுகள் வெறும் கண்ணுக்கே கரும்புள்ளிகளாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு இது முதல் அதிர்ஷ்டம்.

ஒரு கண்ணலகுக்குள்

கண்ணின் மேற்புறம் வழவழப்பான ஓடுதான். அதே ஓடு உள்பக்கமாகக் கூம்பு கூம்பாக நீண்டு இறங்கியிருக்கிறது. ஒரு கண்ணலகுக்கு ஒரு கூம்பு. அதுதான் அதன் வில்லை. தண்ணீருக்குள் வாழும் பிராணிக்கு வில்லையின் வெளி வளைவு அதிகம் உதவாது, ஏனென்றால் தண்ணீரிலிருந்து வரும் ஒளி அங்கே பெரிதாக வளையாது. லாட நண்டு வேறு வழி கண்டிருக்கிறது. கூம்பின் நடு அச்சில் பொருள் அடர்த்தி அதிகம். விளிம்பை நோக்கிப் போகப் போகக் குறைவு. இந்தப் படிப்படியான மாற்றமே ஒளியை உள்ளே வளைத்துக் கூம்பின் நுனியில் குவிக்கிறது. சிக்மண்ட் எக்ஸ்னர் 1891இலேயே இதை விளக்கிவிட்டார்.

கூம்பின் நுனிக்குக் கீழே ஒளியை வாங்கும் செல்கள் காத்திருக்கின்றன. ஒரு கண்ணலகைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், தோலுரித்த ஆரஞ்சுப் பழத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி இருக்கும். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிச் சுளைகள். பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. இந்தச் சுளைச் செல்கள்தான் ஒளியை வாங்குபவை. சுளைகள் ஒன்றோடொன்று தொடும் ஓரங்களில் செல்லின் சவ்வு விரல் விரலாக நீண்டு நெருங்கி அடுக்கியிருக்கிறது. ஒளியை விழுங்கும் நிறமி அந்த விரல்களில்தான் இருக்கிறது. அடுக்குகள் எல்லாம் சேர்ந்து, நடுவிலிருந்து கதிர்கள் விரிந்த நட்சத்திரத்தைப் போலத் தெரியும். வில்லியம் மில்லர் 1957இல் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் இந்த நட்சத்திரத்தை விரல் விரலாகக் காட்டினார். அந்த நிறமி பச்சை ஒளியை நன்றாக விழுங்கும்.

நடுவில் இருக்கும் தண்டு இன்னொரு செல்லின் கிளை. அந்தச் செல்லின் உடல் கண்ணலகின் அடியில், மையத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். ஒதுங்கியதால் அதை ஒதுக்குச் செல் என்போம். வழக்கமாகக் கண்ணலகுக்கு ஒன்று. இது தானாக ஒளியை வாங்குவதில்லை. சுற்றியிருக்கும் சுளைச் செல்களோடு மின்சாரம் நேரடியாகக் கடக்கும் நுண்ணிய சந்துகளால் இணைந்திருக்கிறது. ஒரு ஒளித்துகள் ஒரு சுளைச் செல்லின் நிறமியில் பட்டால் அந்தச் செல்லில் சிறு மின்மேடு எழும். ஒரே ஒரு ஒளித்துகளுக்கும் அளந்து காட்டக்கூடிய மேடு எழுகிறது. சுளைகளின் மேடுகள் எல்லாம் நடுத்தண்டில் சேர்கின்றன. சேர்ந்தது போதுமான அளவை எட்டினால் ஒதுக்குச் செல் ஒரு துடிப்பை வெளியே அனுப்புகிறது. துடிப்பில் பெரிது சிறிது என்று கிடையாது. எல்லாம் ஒரே அளவு. அதனால் ஒளியின் அளவைச் சொல்ல ஒதுக்குச் செல்லுக்கு இருப்பது ஒரே வழி. ஒளி கூடினால் துடிப்புகளை நெருக்கமாக அனுப்பும், குறைந்தால் விட்டு விட்டு அனுப்பும்.

இந்தத் துடிப்புகளைச் சுமந்து போகும் நீண்ட இழை கண்ணலகை விட்டு வெளியேறி மூளைக்குப் போகும் முன், கண்ணின் அடிப்பகுதியில் ஒரு வலைப்பின்னலைக் கடக்கிறது. எல்லாக் கண்ணலகுகளின் இழைகளிலிருந்தும் அங்கே பக்கக் கிளைகள் பிரிந்து, பக்கத்து இழைகளின் கிளைகளோடு நரம்பு முடிச்சுகளில் சந்திக்கின்றன. ஆயிரம் கண்ணலகுகளும் தனித்தனிக் குழாய்கள் என்றால் இந்தப் பின்னலுக்கு வேலையே கிடையாது. ஆனால் பின்னல் இருக்கிறது. மாக்கின் கேள்விக்கு விடை அங்கேதான் ஒளிந்திருந்தது.

ஓர் இழையின் பேச்சு

ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் 1926 கோடையில் மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் லிமுலஸைக் கையில் எடுத்தார். ஒரு கண்ணலகு ஒளியைப் பார்த்ததும் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அது அவர் ஆசை. முதுகெலும்புள்ள விலங்குகளில் இது பெரும்பாடு, ஏனென்றால் பார்வை நரம்பில் லட்சக்கணக்கான இழைகள் ஒரே கற்றையாகப் போகும். லாட நண்டின் நரம்போ சில சென்டிமீட்டர் நீளத்துக்கு எளிதாகக் கைக்குக் கிடைக்கும். அதைக் கண்ணாடி ஊசிகளால் பிரித்துப் பிரித்து, கற்றையிலிருந்து ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சும் வரை கொண்டுபோக முடிந்தது. பொறுமை மட்டும் மலையளவு வேண்டும். அந்த இழையில் ஓடும் துடிப்புகளை வால்வு பெருக்கியில் பெரிதாக்கி, கிளாரன்ஸ் கிரஹாமும் அவரும் 1932இல் வெளியிட்டார்கள். ஒளியை வாங்கும் ஓர் உறுப்பின் ஒற்றை இழைப் பேச்சை உலகம் அப்போதுதான் முதலில் படித்தது.

அந்தப் பதிவுகளில் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. விளக்கு எரிந்த உடனே துடிப்புகள் மளமளவென்று கொட்டுகின்றன. கொஞ்ச நேரத்தில் தணிந்து ஒரு நிதான வேகத்தில் நிற்கின்றன. மாற்றத்துக்குத்தான் அதிக மரியாதை. இரண்டாவது, ஒளியைப் பத்து மடங்கு கூட்டினால் துடிப்பு பத்து மடங்காவதில்லை. ஒரு படிதான் ஏறுகிறது. நூறு மடங்குக்கு ஏறக்குறைய இரண்டு படி. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையில் இருக்கிற பிரம்மாண்டமான இடைவெளியை ஒரு நரம்பிழை தாங்கும் சின்ன அளவுக்குள் கண் இப்படித்தான் மடக்கிக்கொள்கிறது.

விளக்கைப் போட்டதும் குறைந்தது

மூன்றாவது விஷயம் தொல்லையாகத்தான் முதலில் வந்தது. சோதனை இருட்டறையில் நடக்கும். ஒரு கண்ணலகின் மேல் மட்டும் சிறு ஒளிப்பொட்டு விழும். அதன் இழை சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அறையில் வேறு வெளிச்சம் எங்கிருந்தாவது வந்து கண்ணில் பட்டால் துடிப்பு கூட வேண்டும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? கண்ணுக்கு இப்போது கிடைப்பது முன்னதை விட அதிக ஒளி. ஆனால் துடிப்பு பல சமயம் குறைந்தது. வெளிச்சத்தை மறைத்தால் பழைய வேகம் திரும்பியது.

வெறும் இடைஞ்சல் என்று இதை ஒதுக்கியிருக்கலாம். ஹார்ட்லைன் அதையே பிடித்துக்கொண்டார். எந்தக் கண்ணலகைப் பதிவு செய்கிறாரோ அதன் ஒளியை மாற்றாமல் வைத்து, பக்கத்துக் கண்ணலகுகளின் மேல் மட்டும் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்தில் ஒளி கூடக் கூட, இதன் துடிப்பு குறைந்துகொண்டே போனது. பின்னலை வெட்டிவிட்டால் குறையவில்லை. ஆகவே கண்ணலகுகள் ஒன்றையொன்று அடக்குகின்றன; அடக்கும் செய்தி போகும் வழி அந்த வலைப்பின்னல். இதைப் பக்கத் தடுப்பு என்று சொல்வோம். 1949இல் ஹார்ட்லைன் இதைச் சுருக்கமாக அறிவித்தார். அதன்பின் ஃப்ளாய்ட் ராட்லிஃபோடு சேர்ந்து பத்து ஆண்டுகள் போல, எது எதை எவ்வளவு அடக்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார்.

ஆறு கண்ணலகுகளும் ஒரு நிழலும்

அந்த அளவீடுகளின் சாரத்தை ஒரு சிறு கணக்கில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்கு எளிதாக வர நான் எடுத்துக்கொண்டவை. முறை லாட நண்டினுடையது.

ஒரு வரிசையில் ஆறு கண்ணலகுகள். வரிசையின் இருபுறமும் இதே மாதிரிக் கண்ணலகுகள் நீண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க மூன்றும் நிழலில், வலப்பக்க மூன்றும் வெளிச்சத்தில். நிழலில் இருப்பது ஒவ்வொன்றும் தனியாக விடப்பட்டால் நொடிக்கு 20 துடிப்பு அனுப்பும். வெளிச்சத்தில் இருப்பது 50 அனுப்பும். அதாவது பின்னல் இல்லாமல் மூளைக்குப் போகும் செய்தி: 20, 20, 20, 50, 50, 50. உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே.

இப்போது பின்னலைச் சேர்ப்போம். ஒவ்வொரு கண்ணலகும் தன் இரு பக்கத்து அண்டை வீட்டாரின் துடிப்பிலும் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. வெளிச்சத்தின் நடுவில் இருப்பதை எடுங்கள். இரு பக்கமும் 50. இரண்டு பக்கமும் ஐந்தைந்து போக, 40. நிழலின் நடுவில் இருப்பதற்கு இரு பக்கமும் 20. இரண்டிரண்டு போக, 16.

வேடிக்கை எல்லைக்கோட்டில். வெளிச்சத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணலகுக்கு ஒரு பக்கம் 50, மறுபக்கம் வெறும் 20. அது இழப்பது 5உம் 2உம், ஆக ஏழுதான். 43 மிஞ்சுகிறது. தன் கூட்டத்திலேயே அதுதான் உரக்கப் பேசுகிறது. நிழலின் ஓரத்தில் இருப்பதற்கு ஒரு பக்கம் 20, மறுபக்கம் பலமான 50. அதுவும் ஏழு இழக்கிறது, ஆனால் அதன் கையிருப்பே 20தான். 13 மிஞ்சுகிறது. நிழலில் இருப்பவற்றில் அதுதான் மிகவும் அடங்கிப் போகிறது.

மூளைக்குப் போகும் செய்தி இப்போது: 16, 16, 13, 43, 40, 40. எல்லைக்கு முன் ஒரு பள்ளம், எல்லை தாண்டியதும் ஒரு மேடு. வண்ண அட்டையில் நாம் பார்த்த ஓரக் கறுப்பும் ஓர வெளுப்பும் இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உண்மையான வித்தியாசம் 30. எல்லையை விட்டு விலகிய இடங்களில் கண் அதை 24ஆகச் சுருக்கிவிட்டது; எல்லையில் மட்டும் முழு 30ஐயும் காப்பாற்றியது. சீரான பரப்பில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, அங்கே துடிப்பை மிச்சம் பிடிக்கலாம். பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. நரம்பிழை ஒன்று நொடிக்கு இத்தனை துடிப்புதான் அனுப்ப முடியும் என்ற நிலையில் இதை விடச் சிக்கனமான ஏற்பாட்டை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

1959இல் ராட்லிஃபும் ஹார்ட்லைனும் இதைக் கண் முன்னே காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு கண்ணலகின் இழையைப் பதிவு செய்துகொண்டே, பாதி இருளும் பாதி வெளிச்சமுமான படத்தைக் கண்ணின் மேல் மெதுவாக நகர்த்தினார்கள். மற்றக் கண்ணலகுகளை மூடிவிட்டுப் பதிவு செய்தபோது துடிப்பின் வேகம் ஒரு படிக்கட்டாக ஏறியது; பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. மூடியை எடுத்து முழுக் கண்ணையும் பார்க்க விட்டபோது எல்லையின் இருபக்கமும் பள்ளமும் மேடும் எழுந்தன. தாளில் சன்னல் வெட்டி வண்ண அட்டையின் மேல் வைத்தோமே, அதே சோதனையை அவர்கள் நரம்பில் செய்தார்கள். மாக் சொன்னதற்கு முதல் நேரடிச் சான்று இது.

நம் கண்ணிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. 1953இல் ஸ்டீஃபன் கஃப்லர் பூனையின் விழித்திரையில், நடுவில் பட்ட ஒளிக்குத் துள்ளும் செல் சுற்றிலும் பட்ட ஒளிக்கு அடங்குவதைக் கண்டார். எல்லா முதுகெலும்பிகளிலும் இது பொதுவானது என்று பின்னர் தெரிந்தது. லாட நண்டின் கண்ணும் நம் கண்ணும் தனித்தனி வழிகளில் உருவானவை. செல்களும் வேறு, ஒளிக்கு அவை மின்சாரத்தால் பதில் சொல்லும் திசைகூட நேர் எதிர். ஆனாலும் இரண்டும் ஒரே கணக்கைப் போடுகின்றன. நம்முடைய விஷயத்தில் விழித்திரையோடு கதை முடிவதில்லை. வண்ண அட்டையைப் பார்க்கையில் மூளையின் அடுத்தடுத்த நிலைகளும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. தொடக்கம் மட்டும் இங்கேதான். ஹார்ட்லைனுக்கு 1967இல் ராக்னர் கிரானிட், ஜார்ஜ் வால்ட் இருவரோடும் நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பவரைத் தடுத்தால்

மேலே போட்ட கணக்கில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. அடங்கிப்போன கண்ணலகும் தன் பழைய பலத்தோடே பக்கத்தை அடக்குவதாகக் கணக்கிட்டோம். உண்மையில் அப்படி இல்லை. வெளிச்ச நடுவில் இருப்பது 40க்கு இறங்கிவிட்டால், அது பக்கத்திலிருந்து பறிக்கக்கூடியதும் 4தான். இவன் குறைந்தால் அவன் கூடுவான். அவன் கூடினால் இவன் இன்னும் குறைவான். இப்படி ஒருவரையொருவர் சரிக்கட்டி எல்லாரும் ஒரு நிலையில் வந்து நிற்பார்கள். அந்த முழுக் கணக்கைப் போட்டால் நம் வரிசையில் நடுவெளிச்சம் 42க்கும் நடுநிழல் 17க்கும் பக்கத்திலும், எல்லை 44, 14 என்றும் வருகிறது. எண்கள் மாறினாலும் பள்ளமும் மேடும் அப்படியே நிற்கின்றன.

ஹார்ட்லைனும் ராட்லிஃபும் இதை நிரூபிக்கச் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முதல் கண்ணலகின் இழையைப் பதிவு செய்கிறார்கள். பக்கத்திலிருக்கும் இரண்டாவதன் மேல் ஒளி பட்டதும் முதலாவது குறைகிறது. இது தெரிந்ததுதான். இப்போது மூன்றாவது ஒன்றின் மேல் ஒளி. இது இரண்டாவதுக்குப் பக்கம், முதலாவதை நேரடியாக எட்டாத தூரம். மூன்றாவது இரண்டாவதை அடக்குகிறது. அடங்கிய இரண்டாவது தன் பிடியைத் தளர்த்துகிறது. முதலாவதன் துடிப்பு ஏறுகிறது. மூன்று கண்ணலகுகள் மட்டும் பேசிக்கொண்டதிலிருந்தே ஒரு வலையின் நடத்தையைப் படித்துவிட்டார்கள்.

பிறகு வந்த அளவீடுகள் இன்னொரு எதிர்பாராத விவரத்தைக் கொடுத்தன. ஒட்டி உட்கார்ந்திருக்கும் கண்ணலகைவிட, மூன்று முதல் ஐந்து கண்ணலகு தள்ளி இருப்பதுதான் அதிகம் அடக்குகிறது. அந்தத் தடுப்பு வந்து சேரவும் நொடியில் பத்தில் ஒரு பங்கு போலத் தாமதமாகிறது. இதனால் கண் இடத்தின் எல்லையை மட்டுமின்றி நகர்வின் வேகத்தையும் கவனிக்கும் கருவியாகிவிடுகிறது. தாமதமாக வரும் தடுப்பு, மெதுவாக நகரும் பொருளை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு வேகமான பொருளை எட்டுவதில்லை.

இத்தனையும் எதைப் பார்க்க?

வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் மாதங்களில், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏறும் இரவுகளில், டெலவேர் வளைகுடாவின் கரைகளுக்கு லாட நண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடும். பெண்ணின் ஓட்டைப் பற்றிக்கொண்டு ஆணும் கூடவே கரையேறும். ஆண் பெண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையால் இருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கண் இத்தனை ஆராயப்பட்ட பிறகும், அந்தக் கண்ணால் பிராணிக்கு என்ன பயன் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ராபர்ட் பார்லோ கேட்டார். அவரும் உடன் ஆய்வாளர்களும் கேப் காட் கடற்கரையில் பெண் நண்டின் ஓட்டை அச்செடுத்துச் சிமெண்டில் வார்த்தார்கள். வேறு வடிவங்களிலும் வார்த்து, கறுப்பு, சாம்பல், வெள்ளை நிறங்களைப் பூசித் தண்ணீருக்குள் வைத்தார்கள். வாசனைக்கு வழியே இல்லை. ஆண்கள் வந்தன. பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிந்த கறுப்புப் பெண் வடிவத்தை அதிகமாகத் தேடி வந்தன. சில அதைப் பற்றிக்கொள்ளவும் பார்த்தன. 1982இல் இது வெளியானது. பிற்பாடு நண்டின் ஓட்டின் மேலேயே சிறு கேமராவைப் பொருத்தி, அது ஊர்ந்து போகும்போது கண் முன் வரும் காட்சியைப் பதிவு செய்தார்கள். அந்தக் காட்சியைக் கண்ணலகுகளின் கணினி மாதிரிக்குக் கொடுத்தபோது, 1997இல் ஒரு விடை கிடைத்தது. இந்த வலைப்பின்னலைப் பலமாகத் துடிக்க வைப்பது, ஒரு லாட நண்டின் அளவில், ஒரு லாட நண்டு நடக்கும் வேகத்தில் கடந்துபோகும் பொருள்.

ஒரு கண்ணலகு பார்க்கும் பரப்பு பகலில் ஆறு பாகை போல. முழுநிலவு பன்னிரண்டை அடுத்தடுத்து வைத்தால் அடையும் அகலம் அது. அவ்வளவு கரடுமுரடான கண்ணில் முகம் தெரியாது, ஓட்டின் விவரம் எதுவும் தெரியாது. ஒரு மீட்டர் தூரத்தில் மங்கிய மணலின் மேல் ஓர் எல்லைக்கோடு நகர்கிறது என்பது தெரிந்தால் போதும். எல்லையைத் தூக்கிக் காட்டும் கழித்தல் கணக்குக்கு இதுதான் கூலி.

இரவுக்கு வேறு கண்

அந்தத் தேடல் பெரும்பாலும் இருட்டில் நடக்கிறது. நடுப்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் ஒளி பத்து லட்சம் மடங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆனாலும் ஆண் நண்டு பகலில் பெண்ணை எவ்வளவு தூரத்தில் கண்டுகொள்கிறதோ ஏறக்குறைய அதே தூரத்தில் இரவிலும் கண்டுகொள்கிறது.

பார்லோ 1977இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதை விளக்கியது. பார்வை நரம்பு கண்ணிலிருந்து மூளைக்கு மட்டும் போகவில்லை. மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் இழைகளும் அதே கற்றையில் இருக்கின்றன. பகலில் அவை மௌனம். அந்தி சாய்ந்ததும் மூளையிலுள்ள உடல் கடிகாரம் அவற்றின் வழியே துடிப்புகளை அனுப்பத் தொடங்குகிறது; இழைகளின் முனையில் ஆக்டோபமைன் என்ற பொருள் கசிகிறது. நண்டை நாள் கணக்கில் முழு இருட்டில் வைத்திருந்தாலும் கடிகாரம் தன் நேரத்துக்குத் தவறுவதில்லை. வெளியே இருட்டினால்தான் என்றில்லை; இரவு வந்துவிட்டது என்று அதற்கே தெரியும்.

அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் கண்ணலகு உருமாறுகிறது. கூம்பின் நுனியைச் சுற்றித் திரையாக இருந்த நிறமிச் செல்கள் விலகி வாசல் அகலமாகிறது. சுளைச் செல்கள் மேலேறிக் கூம்பை நெருங்குகின்றன. ஒரு கண்ணலகு பார்க்கும் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் எழும் மின்மேடு பெரிதாகிறது. அதே நேரத்தில், ஒளியே படாமல் தானாக எழும் பொய் மேடுகள் குறைகின்றன. பெருக்கியின் ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும் என்பது நமக்குத் தெரிந்த அனுபவம். ஒலியைக் கூட்டிக்கொண்டே இரைச்சலைக் குறைக்கும் கருவியை இந்தப் பிராணி கண்ணில் வைத்திருக்கிறது. இருளுக்குப் பழகுவதும் மூளையின் செய்தியும் சேர்ந்து கண்ணின் ஒளியுணர்திறனைப் பத்து லட்சம் மடங்கு வரை உயர்த்துகின்றன.

பக்கத் தடுப்பும் இரவில் தளர்கிறது. யோசித்தால் காரணம் புரியும். ஒளித்துகள்கள் எண்ணி எண்ணி வரும் நேரத்தில், எந்தக் கண்ணலகில் ஒன்று விழுந்தது, எதில் விழவில்லை என்பது பெரும்பாலும் தற்செயல். அந்தத் தற்செயல் வித்தியாசங்களைக் கழித்துப் பெரிதாக்கினால் கண் இல்லாத எல்லைகளைக் கண்டுகொண்டிருக்கும். பகலில் எல்லைகளைக் கூர்மையாக்கிய அதே பின்னல் இரவில் பிடியைத் தளர்த்தி, சொற்ப வெளிச்சத்தையும் வீணாக்காமல் வாங்கிக்கொள்கிறது. கழிப்பதா, சேர்ப்பதா என்று நேரம் பார்த்து முடிவெடுக்கும் கண் இது.

விடியும்போது இன்னொரு வேலை நடக்கிறது. சுளைகளின் ஓரத்தில் நட்சத்திரமாக அடுக்கியிருந்த சவ்வு விரல்கள், முதல் ஒளி பட்ட சற்று நேரத்தில் குலைந்து உதிர்கின்றன. அதே இடத்தில் புதிய சவ்வு அடுக்கப்படுகிறது. இதற்கு விடியல் ஒளி மட்டும் போதாது. முந்தின இரவில் மூளையின் செய்தி வந்திருக்க வேண்டும். ஸ்டீவன் சேம்பர்லினும் பார்லோவும் 1979இல் இதைக் காட்டினார்கள். மூளையின் இழைகளை வெட்டிவிட்டால், அந்தக் கண்ணின் மேல் காலை ஒளி எவ்வளவு பட்டாலும் இந்த உதிர்தல் நடப்பதில்லை.